இன்னொரு தடவை ஆடுங்கோ

கார்க் கண்ணாடிகளை ஏற்றி ஏசி போட்டு வெகுநேரம் ஆகியும் கசக்கிய வேப்பிலையின் வாசனை போகவில்லை. திருவிழாக் கூட்டத்தில் எவளாவது கேமராப் பைக்குள் திணித்திருப்பாள் என்று வெங்கடகிருஷ்ணன் பையைக் கவிழ்த்துப் பார்த்தான். ஓர் இலைகூட இல்லை. வாளையார்ச் சாலையில் முன்னாலும் பின்னாலும் லாரிகள் அடைத்துக்கொண்டு நின்றன. இருட்டத் தொடங்கியிருந்தது.

கல்பாத்திக்காரன், பாலக்காட்டில் வங்கி அதிகாரி. பக்தியைப் படம் பிடிப்பது அவனுடைய பொழுதுபோக்கு. பக்தர்களைக் கண்டால் மட்டும் ஏக இளப்பம். புகைப்படப் போட்டிக்குச் சாமியாட்டப் படம் ஒன்று வேண்டும் என்றுதான் இந்தப் பட்டிக்காட்டு மாரியம்மனைத் தேடி வந்தான். வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அருள் வந்து ஆடிய பெரியம்மாள் முகம் கழுவி, திருநீறு பூசி, டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு தடவை ஆடுங்கோ. சும்மா நடிச்சாப் போறும்."

அவள் புருஷன் குப்பண்ணன் பதறினார். "சாமி மலையேறிருச்சுங்க. போன சாமியத் திருப்பிக் கூப்புடக் கூடாதுங்க. வேற எதாச்சும் வந்துருமுங்க."

முதலில் ஆடியது மட்டும் நடிப்பில்லையா என்று வெங்கடகிருஷ்ணன் மனசுக்குள் சிரித்துக்கொண்டான். தேடி வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப மனசில்லாமல் பெரியம்மாள்தான் எழுந்தாள். வேப்பிலையை வாங்கி, வெட்கத்தோடு நாக்கை நீட்டி, உஸ் உஸ்ஸென்று மூச்சுவிட்டபடி ஆடினாள். நாலு படம் எடுப்பதற்குள் அந்த முகத்தில் வெட்கம் இல்லை. கண் சிமிட்டவில்லை. ஆட்டம் நின்று, அசையாமல் லென்ஸையே பார்த்தாள். பரவாயில்லையே, நன்றாக நடிக்கிறாள் என்று நினைத்தான். படம் கிடைத்ததும் ஒரு வார்த்தை சொல்லாமல் காரில் ஏறிவிட்டான்.

போன் அடித்தது. குப்பண்ணன். இவரிடம் நம்பர் கொடுத்ததே தப்பு.

"ஏனுங்க, எம்பட ஊட்டுக்காரி அப்படியே நிக்கறாளுங்க. நாக்க உள்ள இழுக்க மாட்டேங்கறா. கற்பூரம் காட்டியும் எறங்கலீங்க. கூப்புட்டவங்கதான் அனுப்போணும். ஒரு நடை வந்து போதும்னு சொல்லீட்டுப் போங்க."

"நேக்கு வேற வேலை இல்லையாக்கும்? முடியலேன்னா அதை இங்கே அனுப்பிச்சுடுங்கோ."

அந்தப் பக்கம் ஏதோ தொப்பென்று விழுந்தது. ஒரு பெண் அழுதாள்.

"எறங்கிருச்சுங்க," என்றார் குப்பண்ணன்.

"பாத்தேளா? இவ்வளவுதான்."

"இல்லீங்க. 'சரி'ன்னு சொல்லீட்டுப் போச்சுங்க."

தொடர்பு அறுந்தது.

வேப்பிலை வாசனை தொண்டையைக் கமறியது. உஸ். லாரி பிரேக்காக இருக்கும். உஸ். ஏசியை அணைத்தான். உஸ். பின் சீட்டைத் திரும்பிப் பார்த்தான். காலி. பக்கத்து சீட்டில் கேமரா மட்டும். அதன் லென்ஸ் அவன் பக்கம் திரும்பியிருந்தது.

உஸ்.

இவ்வளவு கிட்டத்திலா?

எதிரே வந்த லாரியின் வெளிச்சம் கண்ணாடியில் விழுந்தது. அதில் அவன் முகம். கண் சிமிட்டவில்லை. சிமிட்ட முடியவில்லை.

போறும் என்று சொல்ல வாயைத் திறக்கப் பார்த்தான். வாய் ஏற்கெனவே திறந்துதான் இருந்தது. நாக்கு மோவாயைத் தாண்டித் தொங்கியது.

பக்கத்து சீட்டில் கேமரா தானாகப் படம் எடுத்தது. மறுபடியும் எடுத்தது.