அசலில் இல்லாதவை

கணவனின் பழைய ஹார்ட் டிஸ்கில் இருந்த ஃபைல்கள் அத்தனையிலும் இன்றைய தேதி இருந்தது.

cp கட்டளை போட்டு நகல் எடுத்தால் நகலுக்குத்தான் இன்றைய தேதி விழும். ஆபீசில் சர்வர்களோடு மாரடிக்கும் அவளுக்கு அது தெரியும். ஆனால் இது நகல் இல்லை. அசல். அவன் போய் நாலு வருஷம்.

மழை இருட்டில் அந்த டிஸ்க், சளி கட்டிய நெஞ்சு மூச்சுக்கு இழுப்பதைப்போல இழுத்து இழுத்துச் சுற்ற, எங்கிருந்தோ அவன் கடைசி நாட்களில் மார்பில் தேய்த்துக்கொண்ட தைலத்தின் நெடி வந்துகொண்டிருந்தது.

"அம்மா, அப்பா பேசுவாரா?" பக்கத்து அறையிலிருந்து வாலு. அவன் போனபோது வயிற்றில் இருந்தவள். அவனுக்குத் தெரியாமலே பிறந்தவள்.

"பேசுவாருடி, வீடியோவுல. டிஸ்க் சாகறதுக்குள்ள எடுத்துடறேன்."

வாலு ஏதோ பாட்டை முனகத் தொடங்கினாள்.

போனில் கொழுந்தன் இருந்தான். "அண்ணி, cp வேணாம், பாதியில நின்னா திண்டாட்டம். rsync போடுங்க, நின்ன இடத்துலேர்ந்து தொடரும். ஆனா --delete சேர்த்துடாதீங்க. அசல்ல இல்லாததை எல்லாம் இந்தப் பக்கம், உங்க லேப்டாப்புல, துடைச்சிடும், வாலு படம் உட்பட. எதுக்கும் -n போட்டு ஒத்திகை பாருங்க."

"எனக்கேவா? போடா, போய் வேலையைப் பாரு."

போனை வைத்தாள். ஆபீசில் தினமும் அடிக்கும் கட்டளையை விரல்கள் தாமாக அடித்தன. ஒத்திகை பார்க்கவில்லை. என்டர் தட்டிய பிறகுதான் வரியின் கடைசியைப் பார்த்தாள்.

--delete.

திரையில் வரிகள் ஓடின. deleting, வாலுவின் முதல் படம். deleting, முதல் நடை. deleting, முதல் சிரிப்பு. நிறுத்த Ctrl-C அடித்தாள். நிற்கவில்லை. டிஸ்கின் வயரைப் பிடுங்கினாள்.

நிற்கவில்லை.

பக்கத்து அறையில் பாட்டு பாதியில் அறுந்தது.

"வாலு?"

கதவோரச் சுவரில் வாலுவின் உயரத்துக்குப் போட்ட பென்சில் கோடுகள். மேல் கோடு மறைந்தது. அடுத்தது. அதற்கும் கீழே. வாசலில் குட்டிச் செருப்பு இல்லை. கொடியில் சின்னப் பாவாடை இல்லை.

அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். வாலுவைப் பெற்ற ஆபரேஷன் தழும்பு இருந்த இடம் வழவழவென்று இருந்தது.

திரையில் deleting ஓய்ந்தது. இனி நகல்: அசலில் இருந்தவை இந்தப் பக்கம்.

வாலுவின் அறையில் கட்டில் கனமாக முனகியது. தைல நெடி. இழுத்து இழுத்து ஒரு மூச்சு. அவன் குரல்.

"யாரும்மா அது... வாலுங்கறது?"