மூன்று மூட்டை மீன்

அனுஷா ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். முதலில் 'நான் பார்த்துக்கறேன்' என்று சொல்லிவிடுவாள். எதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அப்புறம்தான் யோசிப்பாள். பாட்டில் விஷயத்திலும் அப்படித்தான் மாட்டிக்கொண்டாள்.

அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் ஓர் அரங்கத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கான கலைக்காட்சி நடக்க இருந்தது. வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று நாள். வேண்டாம் என்று தூக்கிப் போட்ட பொருள்களால் ஏதாவது செய்து வைக்க வேண்டும். அந்தப் பொருளுக்கு இன்னொரு வாழ்க்கை உண்டு என்பது பார்க்கிறவர்களுக்குப் புரிய வேண்டும். விதி அவ்வளவுதான்.

இப்படி ஒரு அறிவிப்பு வந்துவிட்டால் பெங்களூரில் ஸ்டேஷனரி கடைக்காரர்களுக்குக் கொண்டாட்டம். குப்பையில் கலை செய்வதற்காகப் புத்தம் புது ஐஸ் குச்சிகள் கட்டுக் கட்டாக விற்றுத் தீரும். அனுஷாவின் வகுப்பில் ஒருத்தி இன்னும் ஒரு படி மேலே போனாள். பத்து கூல்டிரிங்க் பாட்டில் வாங்கி, உள்ளே இருந்ததைத் தொட்டியில் ஊற்றிவிட்டு, காலி பாட்டில்களோடு பெருமையாக வந்து நின்றாள்.

ஓவிய ஆசிரியை அம்ருதா மிஸ் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். நிஜமாகவே பழைய பாட்டில் யாரால் கொண்டுவர முடியும் என்று கேட்டார். அனுஷாவின் கை தானாக உயர்ந்துவிட்டது.

அவளுக்கு பிரபா அக்காவைத் தெரியும். ஆஸ்டின் டவுனில் அனுஷாவின் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கும் டிரை வேஸ்ட் சென்டரை நடத்துகிறவர் அவர்தான். வீடுகளிலிருந்து வரும் ஈரமில்லாத குப்பையெல்லாம் அங்கே வந்து சேரும். பிரபா அக்காவும் இன்னும் நான்கு பெண்களும் நாள் முழுக்க உட்கார்ந்து அதைப் பிரிப்பார்கள். பச்சை பாட்டில்கள் ஒரு மூட்டை, நீல டப்பாக்கள் ஒரு மூட்டை, வெள்ளை டப்பாக்கள் ஒரு மூட்டை. எல்லாம் கழுவிக் காயவைத்து, லேபிள் உரித்து, கடைச் சரக்கு மாதிரி பளிச்சென்று இருந்தன.

"எடுத்துட்டுப் போ கண்ணு" என்றார் பிரபா அக்கா. "ஆனா திங்கக்கிழம காலையில ஃபேக்டரி லாரி வரும். மாசத்துக்கு ஒரு தடவதான் வரும். அதுக்குள்ள மூணு மூட்டையும் எனக்குத் திரும்பி வந்துடணும். நாங்க அஞ்சு பேர் ஒரு மாசம் கஷ்டப்பட்டுப் பிரிச்சது."

"நான் பார்த்துக்கறேன் அக்கா" என்றாள் அனுஷா.

வகுப்பில் ஷ்ரேயாஸை மிஞ்சி வரைய ஆளில்லை. அவன் ஒரு பெரிய மீனை வரைந்து காட்டினான். அம்ருதா மிஸ்ஸை விட இரண்டு மடங்கு உயரம். பலகையில் பாட்டில்களை ஒட்டி, மேலே தங்க நிறம் அடித்து, ஜிகினாத் தூள் தூவ வேண்டும் என்பது அவன் திட்டம். செவ்வாய்க்கிழமை மாலைக்குள் வால் முடிந்துவிட்டது. வெயில் பட்டதும் அது மின்னிய மின்னலில் எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். அனுஷாவுக்குத்தான் சந்தோஷம் அதிகம். பிரபா அக்காவின் பாட்டில்கள் இப்படி ஆகிவிட்டன என்று காட்டாவிட்டால் அவளுக்குத் தலை வெடித்துவிடும் போல இருந்தது.

மிஸ்ஸிடம் கேட்டு, வாலின் ஓரத்தில் அதிகப்படியாக நீட்டிக்கொண்டிருந்த ஒரு கொத்தை எடுத்துக்கொண்டு ஓடினாள். பச்சை பாட்டில் ஒன்று, நீல டப்பா ஒன்று, வெள்ளை டப்பா ஒன்று, மூன்றும் சேர்ந்த கொத்து.

பிரபா அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிரிக்கப் பார்த்தார். வரவில்லை. தங்க நிறத்தை நகத்தால் சுரண்டினார். அதுவும் வரவில்லை. பிறகு மூலையில் இருந்த கறுப்பு மூட்டைக்குள் அதைப் போட்டார்.

"அது எந்த மூட்டை அக்கா?"

"எதுக்கும் ஆகாத மூட்டை. குப்பை மேட்டுக்குப் போறது" என்றார் அவர். குரலில் கோபம் இல்லை. "அழகாத்தான் இருந்தது கண்ணு. பச்சய உருக்கினா நூல் வரும், துணி நெய்யலாம். நீலத்துல பக்கெட் பண்ணலாம். ஒண்ணா ஒட்டி, பெயிண்ட் அடிச்சுட்டா எந்த மெஷினும் வாங்காது."

அனுஷாவுக்கு அப்போதுதான் புரிந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலை அந்த மீன் முழுதுமே கறுப்பு மூட்டைக்குள்தான் போகும். குப்பையிலிருந்து கலை செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டு, குப்பையாக இல்லாததைக் குப்பையாக்கிக்கொண்டிருந்தார்கள். அதற்கு அவள்தான் மூட்டை தூக்கி உதவியிருக்கிறாள்.

மறுநாள் காலை முதல் வேலையாக ஷ்ரேயாஸிடம் விஷயத்தைச் சொன்னாள். அவன் பசைத் துப்பாக்கியைக் கீழே வைக்கவில்லை. கோபம் வந்தால் அவனுக்குக் கன்னடம்தான் முதலில் வரும்.

"பேடா அனுஷா, வேண்டாம்! ரெண்டு நாள்தான் இருக்கு. ஒட்டாம எப்படி நிக்கும்? நீ கொடுத்த வாக்குக்காக என் மீனைக் கெடுக்கறியா?"

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஓவிய அறையின் வாசல் வரைக்கும் போனாள். அம்ருதா மிஸ்ஸிடம் சொன்னால் ஒரு நிமிடத்தில் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார். ஆனால் ஒரு வாரமாக ராப்பகலாக வரைந்தவன் எல்லோர் முன்னாலும் தலைகுனிந்து நிற்க வேண்டியிருக்கும். அது அவளுக்குப் பிடிக்கவில்லை. ஒட்டாமல் எப்படி நிற்கும் என்று அவன் கேட்டதற்கு முதலில் ஒரு பதில் வேண்டும் என்று திரும்பிவிட்டாள்.

அன்று சாயங்காலம் அப்பாவின் ஷாமியானா கடை வாசலில் வண்டி வந்து நின்றது. லிங்கராஜபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போட்ட பந்தல் திரும்பி வந்திருந்தது. வண்டியில் ஏற்றும்போது சேர்த்துக் கட்டியிருந்த மூங்கில்களை ஆட்கள் அவிழ்த்தார்கள். துணிப்பட்டையின் ஒரு முனையைச் சுண்டி இழுத்ததும் கட்டு முழுதும் கலகலவென்று பிரிந்தது. அந்த முடிச்சை அனுஷாவே ஆயிரம் தடவை போட்டிருக்கிறாள். கடையில் ஆணி கிடையாது, பசை கிடையாது. கயிற்றை அறுப்பது என்பது அப்பா பாலகுமாரின் கடையில் மன்னிக்க முடியாத குற்றம். நேற்று கல்யாண மண்டபமாக இருந்தது நாளைக்கு வேறு யாருடைய வாசலிலோ கோயில் பந்தலாக நிற்கும்.

அனுஷா வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அப்பாவிடம் போய், நான்கு மூங்கிலும் பழைய கயிறும் துணிப்பட்டைகளும் வேண்டும் என்றாள். எப்போது திரும்பி வரும் என்று அப்பா கேட்டார். இந்தத் தடவை அவள் உடனே பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத்தான் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி என்றாள்.

வியாழக்கிழமை காலை ஷ்ரேயாஸ் அவளோடு பேசவில்லை. அவள் இரண்டு மூங்கிலுக்கு நடுவே கயிறு கட்டி, பச்சை பாட்டில்களைக் கழுத்தில் முடிச்சுப் போட்டு வரிசையாகத் தொங்கவிட்டாள். அதற்கு மேலே இன்னொரு கயிறு, இன்னொரு வரிசை. மேல் வரிசை கீழ் வரிசையின் மேல் பாதியை மூடியபடி விழுந்தது.

"மீன் உன்னோடதுதான்" என்றாள். "எது எங்க வரணும்னு நீ சொல்லு. நான் கட்டறேன்."

ஷ்ரேயாஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் இருந்தான். அப்போது யாரோ மின்விசிறியைப் போட்டார்கள். பாட்டில்கள் எல்லாம் மெதுவாக அசைந்தன. அவன் எழுந்து வந்தான்.

"செதில்" என்றான் தனக்குத்தானே. "நீந்துற மாதிரி இருக்கு."

பலகையில் ஒட்டிய மீன் எத்தனை மின்னினாலும் நீந்தாது. அது அவனுக்கு நொடியில் புரிந்துவிட்டது. அப்புறம் அவன் விரட்டிய விரட்டலில் வகுப்பே மூச்சுத் திணறியது. நீலம் முதுகுக்கு, வெள்ளை வயிற்றுக்கு என்று கத்திக்கொண்டே இருந்தான். முடிச்சு போட்டுப் போட்டு அனுஷாவின் விரல்கள் சிவந்துவிட்டன. நடுவில் வந்து பார்த்த அம்ருதா மிஸ்ஸிடம் அவனே எல்லாவற்றையும் சொன்னான். பசைத் துப்பாக்கியையும் அவனே திருப்பிக் கொடுத்தான்.

ஒட்டிய வாலை என்ன செய்வது என்ற கேள்வி மிச்சமிருந்தது. ஒளித்துவைத்துவிடலாம் என்றார்கள் சிலர். ஷ்ரேயாஸ் மாட்டேன் என்றான். மீனுக்குப் பக்கத்தில் அதைத் தரையில் வைத்து, ஓர் அட்டையில் தன் கையால் எழுதினான்: 'இந்த வாலை நான் ஒட்டிவிட்டேன். இது இனி வேறு எதுவாகவும் ஆகாது. இந்த மீன் திங்கட்கிழமை லாரி ஏறும். அப்புறம் துணியாகவோ பக்கெட்டாகவோ ஆகும்.'

முதல் பரிசு ஒரு யானைக்குப் போயிற்று. அது முழுக்க ஐஸ் குச்சியால் ஆனது. புதுசா பழசா என்று நாம் கேட்க வேண்டாம். ஆனால் யானையைப் பார்த்துவிட்டுப் போனவர்கள் மீன் முன்னால் நின்றுவிட்டார்கள். அட்டையைப் படித்துவிட்டு வாலைப் பார்த்தார்கள். பிறகு நிமிர்ந்து மறுபடி மீனைப் பார்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கே மீனை அவிழ்த்துவிடலாம் என்று பிள்ளைகள் துடித்தார்கள். பிரபா அக்கா வராமல் ஒரு முடிச்சையும் தொடக்கூடாது என்று அனுஷா குறுக்கே நின்றாள்.

அவர் வந்தார். ஆனால் வாசலிலேயே நின்றுகொண்டு, மூட்டைகளை இங்கேயே கொடுத்துவிடு, ஆட்டோ காத்திருக்கிறது என்றார். இந்த மாதிரி இடத்துக்குள்ளே அவரை இதுவரை யாரும் கூப்பிட்டதில்லை. அனுஷா அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

ஏரிக் காற்று சன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது. மீன் நீந்திக்கொண்டிருந்தது. பிரபா அக்கா மீனுக்குக் கிட்டே போய் நின்றார். அனுஷாவுக்குப் பயமாக இருந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும் என்று ஒரே மூச்சில் சொன்னாள்.

"அக்கா, மூட்டையில இருபத்தாறு குறையும். வால்ல ஒட்டிட்டோம். நான் பார்த்துக்கறேன்னு சொன்னேன். பார்த்துக்கல."

பிரபா அக்கா அவள் தலையில் கை வைத்தார். கண் மட்டும் மீனை விட்டு நகரவில்லை. முதுகில் இருந்த ஒரு நீல டப்பாவைக் காட்டினார். அதில் லேபிள் வராமல், கூட வேலை செய்யும் மங்களம் அரை மணி நேரம் உரித்தாளாம். திட்டிக்கொண்டே உரித்தாளாம்.

அம்ருதா மிஸ் கயிற்றின் முனையை அவரிடம் நீட்டினார். முதல் முடிச்சை நீங்களே இழுங்கள் என்றார். பிரபா அக்கா அதை வாங்கவில்லை. போனை எடுத்தார்.

"மங்களம், எல்லாரையும் கூட்டிட்டு அல்சூருக்கு வா. இப்பவே. லாரி நாளைக்குக் காலையிலதான். நம்ம பாட்டில் என்ன ஆயிருக்குன்னு வந்து பாருங்க."

வேலை செய்த புடவையோடு நால்வரும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். மீனைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். இது நான் கழுவியது, அது நீ கழுவியது என்று சண்டை போட்டார்கள், போட்டோ எடுத்துக்கொண்டார்கள். காவலாளி மூடும் நேரத்தைத் தாண்டியும் விளக்கை அணைக்காமல் காத்திருந்தார். ஐந்து பேரும் போதும் என்று சொன்ன பிறகுதான் அனுஷா முடிச்சை இழுத்தாள்.