மாமியார் வீட்டு எலும்பு சூப்

சமையலறைக்குள் இருந்தது இளைய மருமகள் ஒருத்திதான். ஆனால் பூண்டு நசுக்கும் சத்தமும் மிளகு இடிக்கும் சத்தமும் ஒன்றாகவே வந்துகொண்டிருந்தன. ஈரத் துணியைப் பிழிந்துகொண்டிருந்த மூத்தவள் அப்படியே நின்றாள். யாரை உதவிக்குச் சேர்த்துக்கொண்டாள் இவள்? என்னைக் கூப்பிட வாய் வரவில்லையா?

வயிறு எரிய அவளுக்கு அது போதும். அந்த வீட்டு எலும்பு சூப்பைத் தொடங்கியது மாமியாரின் மாமியார். அந்தம்மா போட்டது மிளகு. மாமியார் வந்து சுட்ட பூண்டு சேர்த்தாள். இளையவள் எலுமிச்சைத் தோல். கற்றுக்கொள்பவள் தன் பங்காக ஒன்றைச் சேர்த்தே ஆகவேண்டும். பக்குவத்தை யாரும் எழுதிவைப்பதில்லை; பின்னால் நின்று, கைமேல் கை வைத்துத்தான் பழக்குவார்கள். மாமியார் சாகும்வரை பிடித்தது இளையவளின் கையை. அவளுக்கு ஏழு வருஷம் முன்னாலேயே வந்த மூத்தவளுக்கு வாய்த்தது பாத்திரம் கழுவுவது. கட்டிய புருஷனே கிண்ணத்தை வழித்தபடி, "அவ வச்சாதான் அம்மா வச்ச மாதிரி இருக்கு" என்பான். மூத்தவளுக்குக் காதில் புகை வராத குறை.

கதவிடுக்கில் கண்ணை வைத்தாள். கொழுப்பு வேகும் வாடை, கருகிய பூண்டின் வாடை, அதற்கும் அடியில் பல வருஷம் பூட்டிக்கிடந்த அலமாரியின் ஈர வாடை. இளையவள் அடுப்பின் முன் தலைகுனிந்து நின்றாள். பின்னால் யாருமில்லை. ஆனால் அவள் இடுப்பின் இரு பக்கமிருந்தும் நான்கு கைகள் நீண்டிருந்தன. இரண்டு கைகள் பூண்டு நசுக்கின. கட்டைவிரலில் எண்ணெய் தெறித்த பழைய தழும்பு. மாமியார். கறுத்து வற்றிய மற்ற இரண்டும் மிளகு இடித்தன.

ஓடத்தான் நினைத்தாள். ஆனால் பயத்தையும் மீறியது பொறாமை. செத்த பிறகும் அவளிடம்தானா?

கதவைத் தள்ளினாள்.

"அத்தை, நானும் இந்த வீட்டு மருமகதான். எனக்கும் சொல்லிக் குடுங்க."

சத்தம் நின்றது. இளையவளின் முகத்தில் ரத்தமில்லை. மணிக்கட்டுகளில் நீலமாய் விரல் தடங்கள்.

"அக்கா, உங்க பங்குக்குப் போட என்ன கொண்டு வந்தீங்க? ஒண்ணும் இல்லாம கிட்ட வராதீங்க!"

"எல்லாம் உனக்கு மட்டும் வேணுமோ?"

அவளை இடித்துத் தள்ளிவிட்டு அடுப்பின் முன் நின்றாள்.

அவள் கைகளைப் பிடித்தார்கள். ஜில்லென்று. முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. கரண்டி விழுந்தது. யாரும் எடுக்கவில்லை. கைகள் இறங்கின. ஆவி. விரல் நுனி. கத்தினாள். குரல் வரவில்லை.

கூடத்திலிருந்து மூத்தவளின் புருஷன் கேட்டான்: "வாசனை ஆளைத் தூக்குதே! இன்னைக்கு யாரு சமையல்?"

இளையவள் மணிக்கட்டைத் தேய்த்துவிட்டபடி வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

"அக்காதான்."

உள்ளே, கொதிக்கும் சூப்பில் முழங்கைவரை இறங்கியிருந்த மூத்தவளின் கைகளை, அந்த நான்கு கைகளும் நிதானமாகக் கிண்டிக்கொண்டிருந்தன.