பழைய பெட்டியில் காணாமல் போன பட்டை

காலை ஒன்பது மணி. கட்டடப் படம் வரையும் அலுவலகத்தைத் திறந்த அக்கா, வாசலிலேயே நின்றுவிட்டாள். தங்கையின் மேஜையில் இருந்த பழைய கம்ப்யூட்டரின் பக்கத் தகடு கழன்று கிடந்தது. உள்ளே இருந்த ரேம், கம்ப்யூட்டரை வேகமாக ஓடவைக்கும் அந்த விரல் நீளப் பச்சைப் பட்டை, இல்லை.

அக்காவுக்கு அங்கே கணக்கு வேலை. தலைமை வரைவாளரான அவள் கணவர் பின்னாலேயே வந்து தன் புத்தம் புது கம்ப்யூட்டரைப் போட்டார். அது கீச் கீச்சென்று கத்தியதே தவிர, திரையில் ஒன்றும் வரவில்லை.

"என் மிஷினையும் விட்டு வைக்கல பாரு, திருட்டுப் பய!" என்று கட்டைவிரலை ஆட்டினார். விரலில் பிளாஸ்திரி.

அடுத்துத் தங்கையும் முதலாளியும் வந்தார்கள். முதலாளி பூட்டைப் பார்த்தார். உடையவில்லை. "சாவி உங்ககிட்டதானேம்மா?"

எல்லார் கண்ணும் அக்கா மேல் திரும்பியது. தன் கணவர் இருக்க, புதிதாகச் சேர்ந்த தங்கைக்குப் பள்ளிக்கூடக் கட்டடப் படத்தைக் கொடுத்ததில் அவளுக்கு வயிறு எரிந்தது நிஜம். அதை மறைக்கிற சாமர்த்தியமும் அவளுக்கு இல்லை.

"நீயாக்கா?" என்றாள் தங்கை.

அக்காவுக்குச் சுருக்கென்றது. பட்டை எக்கேடு கெட்டால் என்ன, கூடப் பிறந்தவள் வாயிலிருந்து இந்தக் கேள்வி வரலாமா? செய்தது யாரென்று கண்டுபிடிக்காமல் அவள் முகத்தில் இனி விழிக்க முடியாது.

அவள் பழைய பெட்டியையே பார்த்துக்கொண்டு யோசித்தாள். தூக்கிப் போடவிருந்த பெட்டி அது. போன மாதம் மெக்கானிக் அதன் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, பின் அறைக்குப் போகும் ஒயரை மாட்டினார். "இனி வேலையெல்லாம் பின் ரூம்ல இருக்கிற பெரிய கம்ப்யூட்டர், அந்த சர்வர்லதான் நடக்கும். இது அங்க எட்டிப் பாக்கிற ஜன்னல், அவ்வளவுதான்" என்றார். அக்கா, தங்கை, முதலாளி மூவரும் கேட்டார்கள். அவள் கணவர் அந்த வாரம் வெளியூரில் இருந்தார். திரும்பி வந்ததும் பெட்டியின் வேகத்தைப் பார்த்து, "ஓட்டை வண்டிக்கு என்னா ஓட்டம்!" என்று சிரித்தார்.

"டிராயர்ல லேப்டாப் அப்படியே இருக்கு. காயலான் கடைக்காரன்கூட வாங்காத பட்டையை எவன் திருடுவான்?" அக்கா தன் கணவரின் கம்ப்யூட்டரைத் தங்கைக்குக் காட்டினாள். "இதைத் திற. என்ன காணோம்?"

தங்கை திறந்து பார்த்தாள். "எல்லாம் இருக்கு. ஆனா ரேம் மாட்டுற இடத்துல கொக்கி உடைஞ்சிருக்கு."

"பழைய பட்டை இதுல உக்காருமா?"

"உக்காராது. பட்டையோட அடியில வெட்டு வேற இடத்துல இருக்கும். போட்டு அமுக்கினா உடையும்."

"அங்க எடுத்தவன் இங்க மாட்டிப் பாத்திருக்கான். இந்த மிஷின் வேகமா ஓடணும்னு யாருக்கு அவ்வளவு அக்கறை?" அக்கா தன் கணவர் பக்கம் திரும்பினாள். "விரல்ல என்ன காயம்?"

"ஷேவ் பண்ணும்போது..."

"கட்டைவிரல்லயா தாடி முளைக்குது?"

அவர் சட்டைப் பையிலிருந்து பட்டையை எடுத்து மேஜையில் வைத்தார். முகத்தில் ஈயாடவில்லை. "இவளுக்கு வேலை வாங்கிக் குடுத்ததே நான். ஓட்டைப் பெட்டி என் புது மிஷினைவிட வேகமா ஓடுது. முதலாளி இவளுக்கு மட்டும் உள்ள என்னமோ வெச்சுக் குடுத்திருக்கார்னு நெனச்சேன். சாவி வீட்டு ஆணியில தொங்கிச்சு..."

"அதுக்குள்ள ஒண்ணுமே இல்ல அத்தான்!" என்றாள் தங்கை. முதலாளியின் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, சர்வருக்குள் போகத் தன் பெயரைத் தட்டினாள். நேற்று விட்ட கோட்டிலேயே பள்ளிக்கூடப் படம் வந்து நின்றது. அப்புறம் அக்காவை நிமிர்ந்து பார்க்க முடியாமல், "மன்னிச்சிடுக்கா" என்றாள்.

"எனக்கும் வயிறு எரிஞ்சுதுடி, இல்லைன்னு சொல்லல." அக்கா சாவிக்கொத்தை அவள் முன்னால் போட்டாள். "ஆனா உன்னைக் கெடுக்கணும்னு இருந்தா, நான் பின் ரூமுக்கில்ல போயிருப்பேன்? அந்தச் சாவியும் இதுலதான் இருக்கு."