இருந்துட்டுப் போயேன்

டம்ளரின் நிழல் ஜன்னல் பக்கமாக விழுந்திருந்தது. சாயங்கால வெயிலோ அந்த ஜன்னல் வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது. நிழல் எந்தப் பக்கம் விழவேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். வீடியோ கேமுக்குத் திரை வடிவமைப்பவள், நிழல்தான் அவளுக்குச் சோறு போடுகிறது. குழாய் சொட்டும் சத்தம், ஈரக் கைத்துணி, எதிரே போனைப் பார்த்தபடி கணவன், எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. சமையலறையில் வாசனை என்று எதுவுமே இல்லை. சளி பிடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

உடம்பு கெடாமல் என்ன செய்யும்? மாதக்கணக்காக ஆபீஸின் புதுக் கேமிலிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டிருந்தாள். உயிர் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் பட்டை, வழி காட்டும் வரைபடம், எதுவும் கண்ணில் படக்கூடாதாம். கடைசியில் மூலையில் ஒரு சிவப்புப் பொட்டு மட்டும் விட்டுவைத்தாள், இது விளையாட்டு என்று ஞாபகப்படுத்த.

"அதையும் எடுத்துடும்மா," என்றார் மேனேஜர். "ஆளை உள்ள உக்கார வைக்கிறதுதான் நம்ம வேலை, வழியனுப்புறது இல்ல."

எடுத்தாள். எடுக்காவிட்டால் வேலை போகும். அவசரத்துக்குத் தன் வீட்டையே படம்பிடித்துக் கேமுக்குள் வைத்தாள். கணவனையும் அவன் குரலையும்கூட. வெளியேறப் பட்டன் கிடையாது. வாசலில் நின்று "போயிட்டு வரேன்" என்று சொல்லவேண்டும். உள்ளேயிருந்து "போயிட்டு வா" என்று பதில் வந்தால்தான் கதவு திறக்கும். உடனே அனுப்பாதே, கொஞ்சம் இழு என்றார் அந்தப் புண்ணியவான். அதற்கும் ஒரு வரி எழுதிக் கொடுத்தாள். வீட்டு மனுஷர் பேசுவது மாதிரியே இருக்கிறது என்று கைதட்டினார்கள்.

இன்று மத்தியானம், மகளைத் தூங்கவைத்துவிட்டு, கடைசியாக ஒருமுறை, மேஜையில் இருந்த இரண்டு ஹெட்செட்டில் ஒன்றைக் கண்ணை மறைத்து மாட்டிப் பார்த்தாள். பிறகு கழற்றினாள்.

கழற்றினாளா?

"ஏங்க, நாளைக்குத்தானே ஊர்லேருந்து வரேன்னீங்க?"

கணவன் சிரித்தான். மறுபடியும் போனைப் பார்த்தான்.

முகத்தைத் தடவிப் பார்த்தாள். வெறும் தோல்.

அப்போது ஆரஞ்சுத் தோல் வாசனை வந்தது. மகள் நாளெல்லாம் உரித்துக்கொண்டிருக்கும் ஆரஞ்சு. நெற்றிப்பொட்டருகே சின்ன விரல்கள் எதையோ பிடித்து இழுத்தன. பக்கத்தில் யாரும் இல்லை.

"அம்மா, கழட்டும்மா. பசிக்குது."

வாசலுக்கு ஓடினாள். "போயிட்டு வரேன்!"

பின்னால் நாற்காலி நகர்ந்தது. "இருந்துட்டுப் போயேன்," என்றான் கணவன்.

அவள் எழுதிய வரி.

"போயிட்டு வரேன்!"

"இருந்துட்டுப் போயேன்."

எத்தனை தடவை இழுக்கணும்? கேட்டிருந்தாள். அதை நான் பாத்துக்கறேன் என்றிருந்தார் மேனேஜர்.

காதோரம் அழுகை. "அம்மா, எனக்கும் காட்டு..." விரல்கள் விலகின. மேஜையிலிருந்து எதையோ இழுத்தெடுக்கும் சத்தம். வாசனை போனது. எதுவும் கேட்கவில்லை. குழாய் மட்டும்.

படுக்கையறைக் கதவு திறந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு மகள் வந்தாள்.

மகளை அவள் கேமுக்குள் வைக்கவே இல்லை.

குழந்தை அப்பா மடியில் ஏறி உட்கார்ந்தது. இரண்டு நிழலும் ஜன்னல் பக்கம் விழுந்தன.

"இருந்துட்டுப் போயேன்மா."