கடைசிப் பிள்ளையின் பூவாளி

தென் இலண்டன் ஸ்ட்ரெதத்தில் பேருந்தை விட்டு இறங்கும்போது மாலை நாலு மணி. இரண்டாயிரத்தெட்டாம் ஆண்டு நவம்பர் மாதத்து ஞாயிறு, அதற்குள் இருட்டிவிட்டது. சிவரூபினி மகள் லக்‌ஷிகாவின் கையைப் பிடித்துக்கொண்டு, பழைய செங்கல் மண்டபத்தின் பக்கக் கதவால் உள்ளே போனாள். ஈர மரமும் பிசின் தூளும் கலந்த வாசனை. அது மூக்கில் ஏறியதுமே அவளுடைய முதுகு தானாக நிமிர்ந்தது.

அவள் குடியிருந்த மிச்சம் என்ற புறநகரில், அவளுடைய தெருவில் நாலு வீட்டுப் பிள்ளைகள் பரதநாட்டியம் பழகினார்கள். மண்டபம் பிடித்து, முந்நூறு பேருக்குச் சாப்பாடு போட்டு அரங்கேற்றமும் செய்தார்கள். "சோத்துக்குச் சனம் சேர்க்கிற ஆட்டம்" என்பாள் சிவரூபினி. தன் மகள் ரஷ்யப் பாலே பழகுகிறாள் என்று சொல்லும்போது மட்டும், மூலஸ்தானத்துக்கு முன் நிற்பவள்போல் குரலைத் தாழ்த்திக்கொள்வாள்.

ரயீசா மேடத்துக்கு எழுபத்தைந்து வயதுக்கு மேல். பீட்டர்ஸ்பர்க்கின் பேர்போன பாலே பள்ளியில் படித்து, ஆங்கிலேயர் ஒருவரை மணந்து இலண்டனுக்கு வந்தவர். இருநூற்றெழுபது வருடங்களுக்கு முன் அரண்மனை வேலைக்காரரின் பிள்ளைகளைச் சேர்த்துத் தொடங்கிய பள்ளி அது. சிவரூபினி இந்த வரலாற்றைப் பிறருக்குச் சொல்லும்போது 'அரண்மனை'யோடு நிறுத்திவிடுவாள்.

அங்கே பத்து வயதில் உடம்பை அளந்து பார்த்துச் சேர்ப்பார்கள். வருடாவருடம் தேறாத பிள்ளையை வீட்டுக்கு அனுப்புவார்கள். பயிற்சிக் கம்பியில் கெட்டிக்காரிக்கு நடு இடம், மற்றவர்களுக்கு ஓரம். கால் வழுக்காதிருக்க, வகுப்புக்கு முன் பலகைத் தரையில் பூவாளியால் தண்ணீர் தெளிப்பார்கள். மேடம் அந்த வழக்கங்களோடு தன்னுடையதையும் ஒன்று சேர்த்திருந்தார். தண்ணீர் தெளிப்பது கடைசி இடத்துப் பிள்ளையின் வேலை. அவர் "போதும்" என்று சொல்லும்வரை நிறுத்தக்கூடாது.

அடுத்த கோடையில் பீட்டர்ஸ்பர்க் நுழைவுத் தேர்வுக்குக் கூட்டிப்போக, மேடம் ஒரேயொரு பிள்ளையை இந்த மாதம் தெரிவு செய்வார். அது லக்‌ஷிகாவாக இருக்கவேண்டும். சிவரூபினிக்கு வேறு வேண்டுதல் இல்லை.

அன்று மேடம் லக்‌ஷிகாவை நடுக் கம்பியிலிருந்து எடுத்து, கதவோரத்துக் கடைசி இடத்தில் நிறுத்தினார். பிறகு தகரப் பூவாளியைக் காலால் அவள் பக்கம் தள்ளினார்.

அவளுடைய நடையைக் காட்டி, "வாத்து" என்றார். மற்றத் தாய்மார் சிரிப்பை மறைக்கக்கூட இல்லை.

வகுப்பு முடிந்து எல்லோரும் போனபின், சிவரூபினி மேடத்திடம் கெஞ்சி அரைமணி நேரம் மண்டபத்தைக் கேட்டு வாங்கினாள். மேடம் அவள் முகத்தைப் பார்க்காமலே தலையசைத்துவிட்டுப் போனார்.

வாசலில், மண்டபம் துடைக்கும் தமிழ்ப் பெண் டொலறஸ் ஹீட்டரின்மேல் சிவப்புக் கம்பளிக் காலுறை ஒரு சோடியை விரித்துக்கொண்டிருந்தாள்.

"ஆற்ற சொக்ஸ் உது?" என்று கேட்டாள் சிவரூபினி.

"இஞ்ச நிக்கிற பிள்ளைக்கு, அக்கா." டொலறஸ் குரலைத் தாழ்த்தினாள். "அறுபத்திமூண்டாம் ஆண்டுப் பெருங்குளிருக்க, ஒரு பிள்ளையைத் தண்ணி தெளிக்க விட்டிட்டு, போதும் எண்டு சொல்லாமலே மேடம் வீட்டை போயிட்டாவாம். தேடிவர ஆளில்லாத பிள்ளை. விடியுமட்டும் தெளிச்சுதாம். பிறகு நெஞ்சில சளி கட்டிச் செத்துப்போச்சு. நான் ஒவ்வொரு நாளும் இதைக் காயவச்சிட்டுப் போறன். வந்து பாத்தா ஈரமாக் கிடக்கும்."

"நீர் தரையைத் துடையும்" என்றாள் சிவரூபினி. "பேய்க்கதை கதைச்சுக் கதைச்சுத்தான் இன்னும் வாளியும் கையுமா நிக்கிறீர்."

டொலறஸ் காலுறையின் மடிப்பை நீவிவிட்டு வெளியே போனாள்.

லக்‌ஷிகா கம்பியைப் பிடித்துக் காலைத் தூக்கினாள். இறக்கினாள். மறுபடி தூக்கினாள்.

"இன்னும் உயர. அந்த வெள்ளைக்காரப் பிள்ளைக்கு ஏலும், உனக்கு ஏலாதோ?"

"அம்மா, கால் நோகுது. போதும்."

"போதும் எண்டு நான்தான் சொல்லோணும்."

சொன்னதும் மண்டபம் குளிர்ந்தது.

எங்கோ தகரம் ஒருமுறை கிணுங்கியது. பிறகு சொட்டு. சொட்டுச் சொட்டாக.

மண்டபத்தின் மறுகோடியில் பலகைமேல் ஒரு நீர்வரிசை விழுந்தது. அதற்கு இப்பால் இன்னொன்று. பூவாளி தரைக்கு ஓரடி மேலே அசைந்து வந்தது.

அதைப் பிடித்திருந்த கைகள் நீலமாக இருந்தன.

பத்து வயது இருக்கும். மெல்லிய வெள்ளை உடுப்பு, வெறுங்கால். நிமிர்ந்தே பார்க்கவில்லை. தரையை மட்டும் பார்த்து, கடைசி இடத்தை நோக்கி, லக்‌ஷிகாவை நோக்கி வந்தது.

"லக்‌ஷி, நிப்பாட்டு! இஞ்சால வா!"

லக்‌ஷிகாவின் கால் உயர்ந்தது. இறங்கியது. உயர்ந்தது.

"நிக்க ஏலாமக் கிடக்கு, அம்மா."

அவளுடைய உதடும் நீலமாகிக்கொண்டிருந்தது.

சிவரூபினி ஓடிப்போய் மகளை இழுத்தாள். பிள்ளை தூணைப்போல் அசையவில்லை. அதட்டினாள், அறைந்தாள், "நில்லடி" என்று கத்தினாள். நீர்வரிசை ஒரு முழம் கிட்ட வந்தது. முருகனைக் கூப்பிட வாயெடுத்தாள். வாய்க்கு வந்ததோ வாசலில் கேட்ட குரல்தான். தேடிவர ஆளில்லாத பிள்ளை.

அவள் ஈரப் பலகையில் முழந்தாளிட்டாள்.

"போதும், குஞ்சு" என்றாள். இந்த ஒரு வருடத்தில் அந்தச் சொல்லை அவள் மகளுக்குச் சொன்னதே இல்லை. "நல்லாச் செய்திட்டாய். போதும். வா, வீட்டை போவம்."

லக்‌ஷிகாவின் கால் தரையில் நின்றது. அவள் தாயின் தோளில் சாய்ந்தாள்.

பூவாளியும் நின்றது. அந்தப் பிள்ளை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தது. வெருட்டுகிற முகமல்ல. பள்ளிக்கூட வாசலில் எல்லாப் பிள்ளைகளையும் தாய்மார் கூட்டிப்போனபின் தனியே நிற்கும் பிள்ளையின் முகம்.

வீட்டுக்கு வந்த எந்தப் பிள்ளையையும் சாப்பிடாமல் அனுப்பி அறியாத வாய், சிவரூபினியையும் கேளாமல் சொல்லிவிட்டது.

"நீயும் வா, பிள்ளை."

தகரம் தரையில் விழுந்து உருண்டது. அங்கே ஒருவரும் இல்லை.

செவ்வாய்க்கிழமை மேடம் தொலைபேசியில் அழைத்தார். 'வாத்தை', லக்‌ஷிகாவைத்தான், தெரிவு செய்திருப்பதாகச் சொன்னார், நன்றிக்காகக் காத்திருந்தார்.

"அவள் வரமாட்டாள்" என்று சொல்லி சிவரூபினி தொலைபேசியை வைத்தாள்.

அடுத்த ஞாயிறு அவள் தனியே ஸ்ட்ரெதத்துக்குப் போய், வாசலில் நின்று டொலறஸிடம் மன்னிப்புக் கேட்டாள். டொலறஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அதை விடுங்கோ அக்கா. சொக்ஸைத்தான் காணேல்லை. ஆரோ எடுத்திட்டினம்."

மிச்சம் வீட்டில் வாழ்க்கை ஓடியது. மார்கழியில் ஒரு பின்னேரம், கணக்குப் பாடத்தில் லக்‌ஷிகா பன்னிரண்டாவதாக வந்திருந்தாள். தாளைப் பார்த்த சிவரூபினிக்குப் பழைய சூடு தலைக்கேறியது. "மொக்கு! எல்லாரும் உன்னைப் பாத்துச்..."

குசினித் தரையில் ஒரு சொட்டு விழுந்தது.

குழாய் மூடியிருந்தது. இன்னொரு சொட்டு. வரிசையாக, அவள் காலை நோக்கி.

சிவரூபினி தாளை மடித்து வைத்தாள். "போதும், குஞ்சு" என்றாள். "இருந்து சாப்பிடு."

மூன்று தட்டில் புட்டுப் போட்டாள். லக்‌ஷிகா ஏனென்று கேட்கவில்லை.

மறுநாள் காலை மூன்று தட்டும் துடைத்தாற்போல் இருந்தன. குசினி ஹீட்டரின்மேல், சிவப்புக் கம்பளிக் காலுறை ஒரு சோடி, மடிப்பு நீவி விரித்துக் கிடந்தது.

சிவரூபினி தொட்டுப் பார்த்தாள். ஈரம்.