பதினைந்தாவது புகார்

செல்போன் அலறியது!

ஜீப்பிலிருந்து இறங்கிய பெண் இன்ஸ்பெக்டர் எடுத்தார். மறுமுனையில் ஒரே அழுகை.

"மேடம்... என் வீட்டுக்காரர் எறும்பைக்கூட மிதிக்கமாட்டார் மேடம்! சாயந்தரம் கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போறாங்களாமே..."

லாக்கப்பில் இருக்கும் டிரைவரின் மனைவி.

"பாக்கறேம்மா. அழாத."

சொல்லிவிட்டாரே தவிர, டிரைவரைக் காப்பாற்ற இன்ஸ்பெக்டரிடம் ஒரு வழியும் இல்லை.

முந்தாநாள், திங்கள்கிழமை, காலை பத்தரை மணி. நகரத்து ஃபிளாட் ஒன்றில் டிரைவரின் முதலாளி, சோபாவிலேயே, தலையணையால் அமுக்கப்பட்டு... குளோஸ்! கதவு உடையவில்லை. சாவி வைத்திருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் டிரைவர். இன்னொருவர் செத்தவரின் தம்பி. அண்ணன் உயிலை மாற்ற இருந்தார்; மாற்றியிருந்தால் தம்பி நடுத்தெருவுக்கு வந்திருப்பார்.

ஆனால் தம்பியைத் தொட முடியவில்லை!

அவர் வீடு அறுபது கிலோமீட்டர் தள்ளி, கேபிளே எட்டிப் பார்க்காத காட்டோரம். அன்று பத்து முதல் பதினொன்று வரை வீட்டிலிருந்தபடியே ஆபீஸ் மீட்டிங். பின்னால் அவர் வீட்டு அலமாரி தெரிய, எட்டுப் பேர் வீடியோவில் பார்த்திருக்கிறார்கள். நடுவில் ஆறே நிமிடம் கேமராவை அணைத்தார். இருமலாம். ஆறு நிமிடத்தில் போய்க் கொன்றுவிட்டு வர அவர் என்ன ராக்கெட்டா?

இன்று வாக்குமூலத்தில் தம்பியின் கையெழுத்து விழுந்தால் தீர்ந்தது. தம்பி கழன்றுகொள்வார். டிரைவர் மாட்டிக்கொள்வார்.

அந்தக் காட்டோர வீட்டின் படியில் இன்ஸ்பெக்டர் ஏறும்போதே மொட்டை மாடியில் கூச்சல்.

"ஆறு மாசம்யா! ஒரு நாள்... ஒரே ஒரு நாள் ஒழுங்கா மீட்டிங் பேசியிருக்கேனா?"

கத்தியவர் தம்பி. திட்டு வாங்கியவர், இணையத்துக்கு டிஷ் மாட்டும் டிஷ்காரர். அவர் கம்பெனியில் தம்பிக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. கம்ப்ளெயின்ட் சார்!

"வாங்க மேடம். கையெழுத்துதானே? போட்டுடலாம். அண்ணன் போன துக்கத்துலயும் இந்த ஆளோட மல்லுக்கட்ட வேண்டியிருக்கு!"

டிஷ்காரர் இன்ஸ்பெக்டரிடம் முறையிட்டார்.

"நீங்களே நியாயம் சொல்லுங்க மேடம். பழைய சாட்டிலைட்டெல்லாம் முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் மேல இருக்கும். ஹலோன்னு சொன்னா பதில் வர்றதுக்குள்ள கொட்டாவியே விட்டுடலாம். இது வெறும் ஐநூத்தம்பது. பக்கம்! பேச்சு டக்குனு போகும். ஆனா ஒரு இடத்துல நிக்காது, ஓடிட்டே இருக்கும். ஒண்ணு சில நிமிஷத்துல தாண்டிப் போயிடும். டிஷ் உடனே அடுத்ததைப் பிடிச்சுக்கும்."

"அப்புறம் ஏன் கட்டாகுது?"

"வானம் முழுசாத் தெரியணுமே! அங்க பாருங்க..."

சாப்பாட்டுத் தட்டை விடக் கொஞ்சம் பெரிய, தட்டையான டிஷ். அதன் எதிரே பக்கத்து வீட்டு மரம், பாதி வானத்தை மறைத்துக்கொண்டு நின்றது.

"சாட்டிலைட் மரத்துக்குப் பின்னால போனா லைன் நின்னுடும். அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை, சில நொடி. பத்தடி கம்பம் நட்டு டிஷ்ஷை மேல ஏத்துங்கன்னு கரடியாக் கத்தறேன். கேட்டாத்தானே!"

"கம்பம் உங்க செலவுய்யா!" என்று பாய்ந்தார் கம்ப்ளெயின்ட் சார். "மேடம், லைன் நின்னா ஸ்கிரீன்ல நான் வாயைப் பொளந்தபடியே நின்னுடுவேன். ஆபீஸ்ல அதைப் படமெடுத்து வச்சு சிரிக்கறாங்க! இதோட பதினஞ்சு புகார். எல்லாத்துலயும் கையெழுத்துப் போட்டிருக்கேன்!"

பேனாவை நீட்டிய இன்ஸ்பெக்டரின் கை நின்றது.

"தினமும் கட்டாகுமா சார்?"

"தினமும்!"

"திங்கள்கிழமையும்?"

"திங்கள் என்ன, செவ்வாய் என்ன... ஒரு நாள் விட்டு வைக்கல மேடம்!"

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. முகம் வெளிறியது!

"அந்த மீட்டிங் ரெக்கார்டிங்கை நான் மூணு தடவை பாத்தேன் சார். ஒரு மணி நேரம். நீங்க ஒரு தடவைகூட வாயைப் பொளந்துட்டு நிக்கலையே!"

"அது... அன்னிக்குக் காத்து... கிளை ஒதுங்கியிருக்கும்..."

"ஒரு மணி நேரமா கிளையைக் காத்து பிடிச்சுட்டு நின்னுதாக்கும்?"

டிஷ்காரர், பாவம், ஒன்றும் புரியாமல் செல்போனைத் திறந்தார்.

"இதுக்கு ஏன் சண்டை? டிஷ்ஷே எல்லாத்தையும் பதிஞ்சு வச்சிருக்கும். திங்கள், பத்துலருந்து பதினொண்ணு... தடங்கல் பன்னெண்டு தடவை! ஆனா சார், அந்த ஒரு மணி நேரம் இந்த லைன்ல வீடியோ எதுவுமே போகலையே. வீட்ல ஆளே இல்லையா?"

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடிப் பைக்குள் செருகினார்.

"இருந்தார்... அண்ணன் வீட்ல!" என்றார் இன்ஸ்பெக்டர். "அங்க ஒயர் லைன். கட்டே ஆகாது. அண்ணனுக்குப் பக்கத்து ரூம்லயே உக்காந்து மீட்டிங் பேசினீங்க. பின்னால தெரிஞ்ச உங்க வீட்டு அலமாரி வெறும் படம். அப்புறம் ஆறு நிமிஷம் இருமல்... தலையணையோட!"

கம்ப்ளெயின்ட் சார் தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ஆறு மாசத்துல... அன்னிக்கு ஒரு நாள்தான் மேடம் நிம்மதியா மீட்டிங் பேசினேன்..."

"கம்பம் நட்டிருந்தீங்கன்னா, கையெழுத்தை வாங்கிட்டு நான் பாட்டுக்குப் போயிருப்பேன் சார்."

தம்பிக்கு விலங்கை மாட்டிவிட்டு, இன்ஸ்பெக்டர் டிரைவரின் மனைவிக்குப் போன் போட்டார்.

"அழாதம்மா... உன் வீட்டுக்காரர் சாயந்தரம் கோர்ட்டுக்குப் போகலை. வீட்டுக்கு வர்றார்!"

மறுமுனையில் அழுகை இன்னும் பெரிதானது. இன்ஸ்பெக்டருக்கும் கண் கலங்கிவிட்டது.

ஜீப் கிளம்பும் நேரம். டிஷ்காரர் மூச்சிரைக்க ஓடி வந்து, கம்ப்ளெயின்ட் சார் முன்னால் செல்போனை நீட்டினார்.

"சார்... கோச்சுக்காதீங்க. பதினஞ்சாவது புகாரை முடிச்சாகணும். எங்க சர்வீசுக்கு எத்தனை ஸ்டார் குடுக்கறீங்க?"

முன்சீட்டிலிருந்து ஒரு கை நீண்டு அந்தப் போனைப் பிடுங்கியது.

"அவர் சார்பா நானே குடுக்கறேன்யா... அஞ்சு!"